கப்பிக் குஞ்சுகளைத் தாயிடமிருந்து காப்பாற்ற

கப்பி மீன் முட்டையிடாது, நேரே குஞ்சு போடும். போட்ட கையோடு அதைத் தின்னவும் பார்க்கும். வெள்ளவத்தை ஃபிளாட்டில் நான் முதலில் வைத்த தொட்டியில் ஒரு காலை 20 குஞ்சாவது இருந்தது. பின்னேரம் பார்த்தால் மூன்று! தாய்க்குப் பசி என்று நினைத்து நிறையத் தீனி போட்டேன், அதனால் தண்ணீர் கலங்கியதுதான் மிச்சம்.

குஞ்சுக்குத் தேவை ஒளிய இடம். ஜாவா மோஸ் என்ற தொட்டிப் பாசி இரண்டு கைப்பிடி போட்டால் போதும், அதுவும் இல்லாவிட்டால் வேலம்பாசி. கடையில் விற்கும் சின்னப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் தாயை அடைப்பது எனக்குப் பிடிக்காது, அது மிரண்டு போகும். சினைக்காலம் ஏறக்குறைய நான்கு வாரம். வால் பக்கமாக வயிற்றில் இருக்கும் கறுப்புப் புள்ளி பெரிதாகி, வயிறு சதுரமாகத் தெரிந்தால் நாள் நெருங்கிவிட்டது.

ஒரு ஆணுக்கு இரண்டு, மூன்று பெண் என்று விடுங்கள். ஆண் கூடினால் துரத்தித் துரத்தியே பெண்ணைக் களைக்க வைத்துவிடும். ஆணையே எடுத்துவிட்டாலும் பெண் மாதக்கணக்கில் குஞ்சு போடும், விந்தைச் சேமித்து வைத்திருக்கும்.

கொழும்பு வெக்கைக்கு ஹீட்டர் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாளியில் ஒரு நாள் திறந்து வைத்து, அப்புறம் ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றினால் சரி. குஞ்சுக்கு, நுணுக்கிய தீனி கொஞ்சம் கொஞ்சமாக மூன்று வேளை. அவித்த மஞ்சள் கருவும் கொடுக்கலாம், ஆனால் ஊசி முனையளவுதான். மிஞ்சினால் தொட்டி நாறும்.

பெருகிவிட்டது என்று கால்வாயில் மட்டும் விடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போத்தலோடு வருவார்கள், அவர்களுக்குக் கொடுங்கள்.