குளிர்கால ஏரியில் ரப்பர் புழு: ஆழத்தில் நிற்கும் பாஸ் மீனைப் பிடிக்கும் முறை

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், சட்டஹூச்சி ஆற்றின் குறுக்கே 1950களில் பியூஃபோர்டு அணை கட்டியபோது உருவானது லேனியர் ஏரி. ஜனவரியில் இங்கே தண்ணீரின் சூடு 10 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கிவிடும். மற்ற மாதங்களில் மேல்மட்டத்தில் இரையைத் துரத்தி அடிக்கும் ஸ்பாட்டட் பாஸ், இப்போது 30 முதல் 50 அடி ஆழத்தில் கூட்டமாக நிற்கும். குளிரில் செரிமானம் மந்தமாகிவிடுவதால் குறைவாகத்தான் தின்னும், அதற்காக ஓடவும் ஓடாது. ஆகவே மீன் நிற்கும் ஆழத்திலேயே இரையை நிறுத்தி வைப்பதுதான் முழு வேலையும். ரப்பரால் செய்த செயற்கை இரை இதற்குத் தோதானது. ராடை அசைக்காமல் பிடித்திருந்தாலும் படகின் லேசான ஆட்டத்திலேயே அதன் வால் நடுங்கிக்கொண்டிருக்கும்.

முதலில் இடம். கோடையில் இந்த ஏரியின் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிடும். இலையுதிர் காலத்தில் மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்து இறங்க, ஏரி மேலும் கீழுமாகக் கலந்து ஆழத்துக்கும் ஆக்சிஜன் போய்ச் சேரும். அதன் பிறகுதான் புளூபேக் ஹெரிங், திரெட்ஃபின் ஷாட் போன்ற சின்ன மீன்கள் ஆழத்துக்கு இறங்கும், பாஸும் பின்னாலேயே போகும். விடிந்ததும் ஓடை வாய்களில் ஏரித் தரையில் ஓடும் பள்ளங்களைப் பாருங்கள். வெயில் ஏறிய பின் மூழ்கிய மரங்கள், ஏரிக்குள் நீண்டு இறங்கும் மேட்டு முனைகள், கொட்டிவைத்த புதர்க்குவியல்கள். சோனாரில் (ஒலியால் மீனைத் திரையில் காட்டும் கருவி) சின்ன மீன் கூட்டம் தெரியாத இடத்தில் எவ்வளவு அழகான மரம் நின்றாலும் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

சோனாரை நம்புவதிலும் ஒரு கணக்கு உண்டு. சோனாரின் ஒலியை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசர், 20 டிகிரி கூம்பு கொண்டதானால், 40 அடி ஆழத்தில் சுமார் 14 அடி விட்டத்தைப் பார்க்கிறது. திரையில் தெரியும் மீன் படகுக்கு நேர் கீழே இருக்க வேண்டியதில்லை. ஆகவே இரையை டிரான்ஸ்டியூசரை ஒட்டியே இறக்குங்கள். அது இறங்குவது திரையில் சாய்கோடாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் காற்று நரம்பை (தூண்டில் நூலை) வளைத்துக்கொண்டு போகிறது, அதில் கட்டிய ஈயத்தின் எடையைக் கூட்டுங்கள்.

கருவி: 7 அடி நீள, நுனி இளகிய, நடுத்தர லைட் ஸ்பின்னிங் ராட். 2500 அளவு ரீல். 10 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு), அதன் நுனியில் லீடராக, அதாவது முள் கட்டும் நுனி நரம்பாக, 8 பவுண்டு ஃபுளோரோகார்பன் 10 முதல் 15 அடி. காற்றின் சூடு பூஜ்யத்துக்குக் கீழே போகும் நாளில் மட்டும் பிரெய்டை விட்டுவிடுங்கள். அது தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு ராட் வளையங்களில் ஐஸாகக் கட்டும். அன்றைக்கு முழு நீளமும் ஃபுளோரோகார்பனே போதும். வளையத்தில் ஐஸ் கட்டினால் நகத்தாலோ கத்தியாலோ சுரண்டாதீர்கள், உள்வளையம் உடையும், நுனியும் முறியும். ராடின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு எடுத்தால் தானே கரையும்.

முள்ளையும் ஈயத்தையும் இரையையும் கட்டும் அமைப்புக்கு ரிக் என்று பெயர். குளிர்காலத்துக்கு ஒரே ஒரு ரிக் என்றால் அது டிராப்ஷாட். ஈயம் அடியில், முள் மேலே. இரை தரையில் புதையாமல் மீனின் கண் மட்டத்தில் நிற்கும். கட்டும் விதம் இது. 1ஆம் எண் முள்ளின் காதில் லீடரை இரட்டையாக மடித்து நுழைத்துப் பாலோமர் முடிச்சு போடுங்கள். வால் பக்கம் 2 அடியாவது மிஞ்ச வேண்டும். எச்சில் தொட்டு இறுக்குங்கள், காய்ந்த ஃபுளோரோகார்பன் உரசிச் சூடாகிப் பலம் இழக்கும். பிறகு அந்த வாலை முள்முனை இருக்கும் பக்கத்திலிருந்து காதுக்குள் விட்டு நேராக இழுங்கள். இப்போது நரம்பைச் செங்குத்தாகப் பிடித்தால் முள் கிடையாக, முனை மேல்நோக்கி நிற்கும். இந்தக் கடைசி நுழைப்பை மறந்தால் முள் கீழே தொங்கும், மீன் கொத்தினாலும் மாட்டாது.

முள்ளுக்கும் ஈயத்துக்கும் இடையே 12 முதல் 18 அங்குலம். மீன் தரையிலிருந்து இன்னும் மேலே நிற்பதாகத் திரை காட்டினால் அதற்கேற்ப நீட்டுங்கள். ஈயம் 30 அடி வரை 7 கிராம், அதற்குக் கீழே 10 கிராம். விலை கட்டுப்படியாகுமானால் டங்ஸ்டன் வாங்குங்கள். பாறையா சேறா என்பது கைக்கே தெரியும். ஈயத்தை முடிச்சு போட்டு இறுக்காமல் அதன் பிளவில் நரம்பைச் செருகி மட்டும் விடுங்கள். மரத்தில் சிக்கினால் ஈயம் மட்டும் போகும், முள்ளும் இரையும் திரும்பி வரும்.

இரை 4 முதல் 4.5 அங்குல மெல்லிய நேர்வால் புழு. மூக்கில் 3, 4 மில்லிமீட்டர் உள்ளே, சரியாக நடுவில் குத்துங்கள். ஓரமாகக் குத்தினால் ஏற்றி இறக்கும்போது புழு சுழலும், நரம்பு முறுக்கேறும். குளிரில் ரப்பர் விறைத்துப்போவதுதான் எல்லாரும் கவனிக்காமல் விடும் விஷயம். உப்பு நிறையக் கலந்த புழு இன்னும் விறைப்பாகும். உப்புக் குறைந்த, இளகிய ரகத்தை வாங்குங்கள், பாக்கெட்டை ஜாக்கெட்டின் உள்பையில் வையுங்கள். நிறத்தைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். தெளிந்த தண்ணீரில் சாம்பல், பச்சை கலந்த பழுப்பு இரண்டும் போதும்.

ஈயம் தரையைத் தொட்டதும் நரம்பை லேசாகத் தளர்த்துங்கள். ஈயம் நகராமல், தளர்ந்த நரம்பை மட்டும் இரண்டு மூன்று முறை நடுக்குங்கள். பிறகு 15, 20 விநாடி சும்மா இருங்கள். கொத்தல் பெரும்பாலும் இந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் வரும். கோடையின் டக்கென்ற வெட்டை எதிர்பார்க்காதீர்கள். ஈரத்துணி தொங்குவதுபோல் ஒரு கனம் தெரியும், அல்லது நரம்பு பக்கவாட்டில் மெல்ல நகரும். உடனே சுண்டி இழுத்தால் 8 பவுண்டு லீடர் அறும், இல்லையேல் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வரும். ரீலைச் சுற்றித் தளர்வை எடுத்து, கனம் தெரிந்ததும் ராடை நிதானமாக மேலே தூக்குங்கள். மெல்லிய முள் தானே ஏறும்.

தரையை விட்டு நடுத்தண்ணீரில் மிதந்து நிற்கும் மீனுக்கு டமிகி ரிக். 7 முதல் 10 கிராம் ஜிக் ஹெட்டில் (ஈயத் தலை வைத்த முள்) 3 அங்குலத்தை ஒட்டிய ரப்பர் மீனை நேராகக் கோத்து, மீனுக்கு 2 அடி மேலே நிறுத்துங்கள். கீழே இறக்கிவிடாதீர்கள், பாஸ் மேல்நோக்கித்தான் வரும். ரப்பர் மீன் கிடையாக நிற்க வேண்டும். முடிச்சு காதின் முன்பக்கம் சரிந்தால் வால் தொங்கிவிடும், ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் அதைப் பின்னுக்குத் தள்ளுங்கள். தண்ணீர் 7 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் திரெட்ஃபின் ஷாட் சோர்ந்து சாகத் தொடங்கும். அசையாத ரப்பர் மீன் அப்போது நன்றாக வேலை செய்யும்.

கரையிலிருந்து வீசுபவர்களுக்கு நெட் ரிக் போதும். மத்தியானம் வெயில் விழும் பாறைக்கரையில், 3 கிராம் காளான்தலை ஜிக்கும் 2.75 அங்குல ரப்பர் புழுத் துண்டும் வைத்து அடியை உரசி மெல்ல இழுங்கள். மிதக்கும் இலாஸ்டெக் வகைத் துண்டை மற்ற ரப்பர் இரைகளோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள், இரண்டும் ஒட்டி உருகிவிடும்.

16 வயது நிரம்பியவர்களுக்கு ஜார்ஜியாவில் மீன்பிடி உரிமம் வேண்டும். லைஃப் ஜாக்கெட்டைப் படகு ஓடும்போது மட்டுமல்ல, நிற்கும்போதும் கழற்றாதீர்கள். குளிர்ந்த தண்ணீரில் விழுந்த முதல் நிமிடம் மூச்சே கட்டுக்குள் இராது, 10 நிமிடத்துக்குள் கைகால் சொன்னபடி கேட்காது.

மீனை விடுவதிலும் கவனம் வேண்டும். 40 அடியில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அங்கிருந்து தூக்கிய மீனின் காற்றுப்பை ஊதிவிடும், விட்டாலும் பக்கவாட்டில் மிதக்கும். படம் எடுக்கவோ தொட்டியில் போட்டு வைக்கவோ நேரம் கடத்தாமல் உடனே விடுங்கள். மிதந்தால், தாடையில் எடையோடு கூடிய கிளிப்பை மாட்டிக் கீழே இறக்கி விடுவித்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. தூக்குகிற மீனெல்லாம் இப்படியே மிதந்தால், அந்த ஆழத்தை விட்டுவிட்டு 25 அடியில் நிற்கும் மீனைத் தேடுங்கள்.