காரட் வேனில் படுக்கை போடுவது எப்படி?

நீலகிரியில் கோத்தகிரி, கேத்திப் பக்கம் விற்பனைக்கு வரும் பழைய மாருதி ஈகோ கார்கோ வேன்களில் பல, காரட் ஏற்றியவை. கழுவின ஈரத்தோடு மூட்டை மூட்டையாக மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய் வந்திருக்கும். வெளியே பெயிண்ட் பளபளக்கும், தரை விரிப்பைத் தூக்கினால் துரு பல்லிளிக்கும். நான் வாங்கியதும் அப்படி ஒன்றுதான். அதை மலையில் ராத்திரி படுத்துத் தூங்குகிற வண்டியாக மாற்றிய விதம் இது.

ஸ்பேனரை எடுக்கும் முன் ஆர்.சி.யை எடுங்கள். மஞ்சள் நம்பர் பிளேட் என்றால் அது வணிக வண்டி. கார்கோ வேன் என்றால் சரக்குக்குத்தான், பின்னால் ஆள் ஏற்றக் கூடாது. சொந்த உபயோகத்துக்கு மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். கடன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்று, அப்புறம் இன்சூரன்ஸ் மாற்றம். உங்கள் வண்டிக்கு அனுமதி கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தராது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதனால் கூரையை வெட்டாதீர்கள், சீட் சேர்க்காதீர்கள். கட்டில், பெட்டி எல்லாமே கழற்றி எடுக்கிற மாதிரி இருக்கட்டும்.

அடுத்தது சுத்தம். தரை விரிப்பைக் கழற்றி, கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். துருவைக் கம்பி பிரஷால் சுரண்டி பிரைமர், பெயிண்ட் அடியுங்கள். தரையிலும் கதவின் அடியிலும் இருக்கும் சின்ன ஓட்டைகள் தண்ணீர் வடியத்தான், அவற்றை அடைக்காதீர்கள். பிறகு ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, இன்னொருவர் வெளியிலிருந்து ஹோஸ் பைப்பால் அடிக்கட்டும். ஒழுகும் இடம் உடனே தெரிந்துவிடும்.

இப்போதுதான் முக்கியமான வேலை. குளிருக்குப் பயந்து எல்லோரும் வண்டியை இறுக்கி மூடப் பார்ப்பார்கள். ஆனால் மலையில் வண்டியைக் கெடுப்பது குளிரைவிட ஈரம்தான். ஒரு ஆள் ராத்திரி முழுக்க விடும் மூச்சில் ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கும். அது சில்லென்ற தகரத்தில் பட்டு முத்து முத்தாகச் சேர்ந்து முகத்தில் சொட்டும். முதலில் நான் குளிர் தடுக்கக் கண்ணாடி இழைப் பஞ்சை (கிளாஸ் வூல்) சுவரில் திணித்தேன். ஒரே மழைக்காலத்தில் அது ஊறி நாறியது, பின்னால் தகரமும் துருப்பிடித்தது. இப்போது 10 மி.மீ. நைட்ரைல் ரப்பர் ஷீட்தான், அது தண்ணீர் குடிக்காது. தகரத்தோடு இடைவெளி விடாமல் பசை போட்டு ஒட்டுங்கள். இடைவெளி விட்டால் அதற்குள்ளேயே வியர்க்கும். முன்கதவு இரண்டுக்கும் டோர் வைசர் (ஜன்னலுக்கு மேல் மாட்டும் மழைத் தடுப்பு) மாட்டினால், மழையிலும் கண்ணாடியை ஒரு விரல்கடை இறக்கி வைக்கலாம். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தடுப்பு இருந்தால் அதில் காற்று போக வழி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ உள்ளே வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அறைக்குள் கரி மூட்டிக் குளிர்காய்ந்து படுத்தவர்கள் இந்த மலைகளிலேயே எழுந்திருக்காமல் போயிருக்கிறார்கள். இரண்டு கம்பளி போதும்.

கட்டிலுக்கு 12 மி.மீ. வாட்டர்புரூஃப் பிளைவுட் எடுங்கள். முழுப் பலகையாகப் போடாமல் பட்டை பட்டையாக இடைவெளி விட்டு அடித்தால் மெத்தையின் அடி பூசணம் பிடிக்காது. தண்ணீர் கேன், பேட்டரி எல்லாம் தரையோடு தாழ்வாக, கட்டிலுக்கு அடியில். வண்டியில் ஏற்கெனவே உள்ள போல்ட் ஓட்டைகளில் இறுக்கிக் கட்டுங்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு, கட்டாத பெட்டி பின்னாலிருந்து உங்கள் முதுகுக்கு வந்துவிடும்.

கரண்டுக்கு 12 வோல்ட் பேட்டரி ஒன்று, இரண்டு எல்.இ.டி. விளக்கு, போன் சார்ஜர் போதும். பாசிட்டிவ் வயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் போடுங்கள். லித்தியம் பேட்டரி என்றால், ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரிக் காலைகளில் வெயில் ஏறிய பிறகே சார்ஜ் செய்யுங்கள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் அது கெட்டுப்போகும்.

எல்லாம் முடிந்ததும் உடனே ஊட்டிக்கு அப்பால் இருக்கும் அவலாஞ்சிக்கு ஓடாதீர்கள். ஒரு ராத்திரி வீட்டு வாசலிலேயே படுத்துப் பாருங்கள். விடிந்ததும் கூரையை உள்ளங்கையால் தடவுங்கள், ஈரம் ஒட்டினால் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கலாம்.