ஆலோசனை மையத்தில் பண்பாட்டுத் திறனை வளர்ப்பது எப்படி?

பன்முகப் பண்பாட்டுத் திறன் என்ற சொல் காதில் விழுந்ததும் ஒரு நாள் பயிலரங்கு ஏற்பாடு செய்து, சான்றிதழ் கொடுத்து, குழுப் படமும் எடுத்துக்கொண்டு கலைந்துவிடுவது நம் மனநல ஆலோசனை மையங்களில் வழக்கமாகிவிட்டது. மறுநாள் அறைக்குள் பேச்சு பழையபடியேதான் நடக்கிறது. வேறு வேறு பின்னணியிலிருந்து வருபவர்களைப் புரிந்துகொண்டு ஆலோசனை தரும் இந்தத் திறன் ஆலோசகரின் நல்லெண்ணத்தோடு நின்றுவிடாமல் மையத்தின் படிவத்திலும், திறந்திருக்கும் நேரத்திலும், மாதாந்திரக் கூட்டத்திலும் இடம்பிடிக்க வேண்டும் என்பது என் அனுபவம். ஒரு மையத்துக்கோ கல்லூரியின் ஆலோசகர் குழுவுக்கோ பொறுப்பேற்றிருப்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 1992இல் டெரால்ட் விங் சூ, பட்ரீஷியா அரெடோண்டோ, ரோடெரிக் மெக்டேவிஸ் ஆகிய மூவர் இத்திறனுக்கு ஒரு வரையறை தந்தார்கள். ஆலோசகர் முதலில் தம்முடைய முன்முடிவுகளை அறிந்திருக்க வேண்டும். அடுத்து, வந்திருப்பவரின் உலகப் பார்வையைப் புரிந்துகொள்ள வேண்டும். பிறகு அதற்கேற்ற உத்திகளைக் கையாள வேண்டும். 2015இல் வெளியான திருத்திய வடிவம், அறைக்கு வெளியே உள்ள அநீதிக்கு எதிராகச் செயல்படுவதையும் ஆலோசகரின் கடமையாகச் சேர்த்தது. அந்த நாட்டில் இந்தப் பேச்சு இனத்தையும் நிறத்தையும் மையமாகக் கொண்டு எழுந்தது. அதை அப்படியே மொழிபெயர்த்துப் பாடமாக நடத்தினால், தமிழ்நாட்டு ஆலோசனை அறையில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் எப்போதும் உட்கார்ந்திருக்கும் சாதி விடுபட்டுப்போகும்.

எனக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில், முதலாமாண்டு மாணவர் ஒருவரிடம் இயல்பாகப் பேச்சுக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு “எந்த ஊர்?” என்று கேட்டேன். ஊர்ப் பெயரைச் சொன்னார். எனக்குத் தெரிந்த ஊர் என்பதால் “ஊரில் எந்தப் பக்கம்?” என்று உற்சாகமாகத் தொடர்ந்தேன். அவர் நாற்காலியில் சற்றுப் பின்னால் சாய்ந்து, “பஸ் ஸ்டாண்டு பக்கம் மேடம்” என்றார். அதன் பிறகு நான் கேட்ட எல்லாவற்றுக்கும் “ஒண்ணும் பிரச்சினை இல்ல மேடம்” என்பதே பதிலாக இருந்தது. அடுத்த வாரம் அவர் வரவில்லை. ஊரா காலனியா என்று தெரிந்துகொள்ள நம் மக்கள் கையாளும் கேள்வி அதுதான் என்பதை நான் அறியாதவள் அல்ல. அறிந்திருந்தும் அது என் நாவிலிருந்து வந்தபோது எனக்கு உறைக்கவில்லை.

ஆகவே தன்னறிவு குறித்த பயிற்சியை இத்தகைய சிறு அசைவுகளிலிருந்து தொடங்குங்கள். குழுவில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு வாரம் தாம் யாரை “வாங்க” என்றும் யாரை “வாம்மா” என்றும் வரவேற்கிறோம், யாரிடம் “நீங்க” விரைவில் “நீ” ஆகிவிடுகிறது என்பதைக் குறித்துவைக்கட்டும். வயதைக் காட்டிலும் உடையும் தொழிலும் அந்த விளியைத் தீர்மானித்திருப்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். வரவேற்பறையில் சிலருக்கு எவர்சில்வர் டம்ளரிலும் சிலருக்குக் காகிதக் கோப்பையிலும் தண்ணீர் தரப்படுகிறதா என்பதையும் பாருங்கள். உங்களுக்குக் கண்ணில் படாமல் போகலாம், வருபவருக்குப் படும்.

தெரியாததை ஒப்புக்கொள்வது தகுதிக் குறைவு என்று தயங்குபவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்வேன். 2021இல் ஒருபால் ஈர்ப்புள்ள இரு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்தப் பொருளில் தமக்குப் போதிய புரிதல் இல்லை என்பதை வெளிப்படையாகப் பதிவுசெய்து, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பின்னரே ஆணை பிறப்பித்தார். பாலீர்ப்பை ‘மாற்றும்’ மருத்துவ முயற்சிகளுக்கு அந்த ஆணை தடை விதித்தது. நீதிபதிக்கு இயன்றது ஆலோசகருக்கு இயலாதா?

அடுத்தது படிவம். ‘தந்தை / கணவர் பெயர்’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, ‘அவசரத்தில் யாரை அழைக்கலாம்?’ என்று வையுங்கள். பாலினத்துக்கு இரண்டு கட்டங்களோடு நிறுத்தாதீர்கள். ‘எந்த மொழியில் பேசினால் உங்களுக்கு எளிது?’ என்ற வரியைத் தவறாமல் சேருங்கள். சாதி, சமயக் கட்டங்கள் படிவத்தில் வேண்டாம். தேவையெனில் நம்பிக்கை ஏற்பட்ட பிறகு, எதற்காகக் கேட்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டு, நேரில் கேட்கலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் பாலினம், பாலீர்ப்பு, சமயம், பண்பாடு, சாதி, வர்க்கம், மாற்றுத்திறன் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்று 18ஆவது பிரிவில் சொல்கிறது; அந்த வரியைத் தமிழில் அச்சிட்டு வரவேற்பறையில் ஒட்டுவது நல்லது.

முதல் அமர்வில் நோயின் பெயரை நாம் சூட்டுவதற்கு முன் அவர்கள் சூட்டியிருக்கும் பெயரைக் கேட்க வேண்டும். ‘மனச்சோர்வு’ என்று யாரும் வந்து சொல்வதில்லை. நெஞ்சை அடைக்கிறது, தலை பாரமாக இருக்கிறது, கை கால் ஓய்ந்துபோகிறது, காற்றுக் கருப்பு அண்டிவிட்டது என்றுதான் சொல்வார்கள். மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் ஈழத்து அம்மா “ஒரே யோசனை” என்பார். அவர் சொல்லும் யோசனை நம் ஊர் யோசனை அன்று. ஓயாமல் மனத்தை அரிக்கும் நினைவு. அவருடைய மகன் காணாமற்போயிருந்தால், அவனைப் பற்றி இறந்தகாலத்தில் பேசாதீர்கள். அவரே எந்தக் காலத்தில் பேசுகிறாரோ அதையே பின்பற்றுங்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட பண்பாட்டு நேர்காணலில் 16 கேள்விகள் உள்ளன. அந்த மரபை ஒட்டி நான் நான்கை மட்டும் பேச்சுத் தமிழில் வைத்திருக்கிறேன்: “இதுக்கு உங்க வீட்ல என்ன பேர் சொல்வாங்க?” “எதனால வந்ததுன்னு நீங்க நினைக்கிறீங்க, பெரியவங்க என்ன நினைக்கிறாங்க?” “இதுவரைக்கும் எங்கெல்லாம் போய்ப் பார்த்தீங்க?” “என்னை மாதிரி ஒருத்தர்கிட்ட இதைச் சொல்றது உங்களுக்குச் சங்கடமா இருக்கா?” கடைசிக் கேள்வியைக் கேட்க முதலில் நாக்கு கூசும். பழக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கேள்விக்குத் தாயத்து, மந்திரித்தல், குறி கேட்டல், தர்கா என்று பதில் வரும்போது முகம் மாறக் கூடாது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடி தர்காவை ஒட்டிய மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதை நாம் மறக்க முடியாது. சங்கிலியை எங்கும் எப்போதும் எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் மருந்தின்றித் தங்கியிருந்த மனநோயாளிகளின் அறிகுறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்ததைப் பதிவுசெய்திருக்கிறது. அன்பான சூழலும் அச்சமற்ற தங்கலும் தரும் பலனை ஏளனம் செய்தால், அந்தக் குடும்பம் மருந்தையும் சேர்த்தே கைவிட்டுவிடும்.

மொழிபெயர்ப்பாளர் தேர்வில் பெரும்பாலான மையங்கள் சறுக்குகின்றன. திருப்பூர் ஆலை ஒன்றில் வேலை செய்யும் ஒடிசா இளைஞருக்கு அவரை அழைத்து வந்த மேஸ்திரியே மொழிபெயர்த்தால், மேஸ்திரியைப் பற்றிய துயரம் ஒருபோதும் நம் காதுக்கு வராது. குடும்பத்தின் குழந்தையையும் அதற்குப் பயன்படுத்தாதீர்கள். வெளியாள் ஒருவரை அமர்த்தி, ரகசியம் காப்பது பற்றி எழுத்தில் உறுதி பெற்று, மூவரும் முக்கோணமாக அமருங்கள். பேச்சும் பார்வையும் வந்திருப்பவரை நோக்கியே இருக்கட்டும். ஓர் அமர்வுக்கு இரு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். ஆள் கிடைக்காத நாளில், பல இந்திய மொழிகளில் இயங்கும் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் உதவி எண் 14416ஐ எழுதிக் கொடுத்தனுப்பலாம்.

ஓர் எச்சரிக்கை. ‘முஸ்லிம் பெண்கள் இப்படி, வடமாநிலத்தார் அப்படி’ என்று குறிப்பேடு தயாரிக்கும் ஆசை பயிற்சி பெற்ற ஆலோசகர்களுக்கும் வரும். அது பழைய முன்முடிவுக்குப் புதுச் சட்டை மாட்டுவதே. அதுபோலவே, “எங்கள் சமூகத்தில் அடிப்பது சகஜம்” என்ற சொல்லைப் பண்பாடு என்று ஏற்றுக்கொண்டு வாளாவிருப்பதும் தவறு. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அதில் பண்பாட்டு விலக்கு எதுவும் கிடையாது.

இவற்றையெல்லாம் நிலைக்கச் செய்வது, வந்தவர்களின் சிக்கல்களைப் பற்றி ஆலோசகர்கள் கூடிப் பேசும் மாதாந்திர வழக்குக் கலந்தாய்வுதான். ஒவ்வொரு வழக்குக் குறிப்பின் தலைப்பிலும் “என் இடத்தில் வேறு பின்னணி கொண்ட ஒருவர் இருந்திருந்தால் இவர் வேறு விதமாகப் பேசியிருப்பாரா?” என்ற கேள்விக்கு இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். தையல் தொழிலாளிகள் வர வேண்டுமானால் ஞாயிறு பிற்பகலிலும் கதவு திறந்திருக்க வேண்டும். முதல் அமர்வோடு நின்றுபோனவர்களின் பட்டியலைத் தனியாக வைத்து, எந்தப் பகுதியிலிருந்து, எந்த மொழியினர், எந்த ஆலோசகரிடம் வந்தவர்கள் அதிகம் நிற்கிறார்கள் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். தொலைபேசியில் தொடர்புகொள்ள முன்பே இசைவு தந்தவர்களை அந்த ஆலோசகரைத் தவிர்த்து வேறொருவர் அழைத்து, “மறுபடி வரணும்னு கட்டாயம் இல்லைங்க, நாங்க பேசினதுல ஏதாவது உறுத்திச்சான்னு தெரிஞ்சுக்கத்தான் கூப்பிட்டோம்” என்று கேட்கட்டும்.