அனலிட்டிக் சிக்னல்: ஹில்பர்ட்டுக்குள் எதைப் போடுவது?

நிலத்தடியில் காந்தத் தன்மையுள்ள பாறை எங்கே, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கணிக்க, காந்தப் புலத்தின் கிடைத்திசை, செங்குத்து மாற்றங்களை ஒன்றாகச் சேர்ப்பதுதான் அனலிட்டிக் சிக்னல். அதற்காகக் காந்தப் புலத்தின் அளவீட்டை அப்படியே சைபையின் (SciPy என்ற பைத்தான் நூலகம்) ஹில்பர்ட் ஃபங்ஷனுக்குள் போட்டுவிடாதீர்கள். பலரும் வழுக்குவது இங்கேதான். புள்ளிகளைச் சம இடைவெளிக்குக் கொண்டுவந்து, நேர்கோட்டு டிரெண்டைக் கழித்துவிட்டு, முதலில் கிடைத்திசை டெரிவேட்டிவ் (மாறும் வீதம்) எடுங்கள். அதை ஹில்பர்ட்டில் போட்டால் கற்பனைப் பகுதியாகச் செங்குத்து டெரிவேட்டிவ் தானாக வந்துவிடும். 1972இல் புவி இயற்பியலாளர் நபிகியன் காட்டிய உறவு இது. குறி மாறி வரலாம், வீச்சை அது பாதிக்காது. இரண்டு டெரிவேட்டிவின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அந்த வீச்சு கிடைத்துவிடும்.

புரொஃபைலின் (அளவீடு எடுத்த கோட்டின்) இரு முனையிலும் பொய் மேடு எழும்பும். தரவை முன்பே நீட்டிவிட்டு, அப்புறம் வெட்டிவிடுங்கள்.

வீச்சு வளைவில் உச்சத்தின் பாதி உயரத்தில் அகலம் 200 மீட்டர் என்றால், மெல்லிய டைக்குக்கு (பாறைக்குள் ஊடுருவிய தகடு போன்ற பாறைக்கு) ஆழம் அதில் பாதி, 100 மீட்டர். இரு வகைப் பாறைகள் சந்திக்கும் தொடர்பு எல்லையானால் அகலத்தை 3.46ஆல் வகுக்க வேண்டும். சுமார் 58 மீட்டர்தான்.