மூன்று சுழி ண-வும் என் பையனின் கையெழுத்தும்

நாலாம் வகுப்பில் பையனுக்குக் கையெழுத்து அழகாகத்தான் இருந்தது, ஆனால் ஆமை வேகம், அரைப் பக்கத்திலேயே விரல் வலிக்கிறது என்பான். பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தபோதுதான் தெரிந்தது, அவன் எழுத்தை எழுதவில்லை, படம் வரைகிறான்: ண-வின் ஒவ்வொரு சுழிக்கும் பென்சிலைத் தூக்கி, பார்த்து, மறுபடி வைக்கிறான்.

கண் பார்த்துத் திருத்தச் சொல்லி அது கைக்குப் போய்ச்சேர 0.1 முதல் 0.2 விநாடி ஆகிறது. பழகிய கை ஒரு கோட்டையே கிட்டத்தட்ட அந்த நேரத்தில் இழுத்துவிடும், அதாவது நடுவில் கண்ணைக் கேட்பதே இல்லை, மூளை முழு வீச்சையும் மொத்தமாக அனுப்பிவிடுகிறது. அதனால் காப்பி நோட்டை மூட்டை கட்டிவிட்டேன் (பார்த்துப் பார்த்து எழுதும் பழக்கம்தானே அதில் வளர்கிறது!).

முதலில் தரையில் சாக்பீஸால் பெரிய ண, கையைத் தூக்காமல் ஒரே இழுப்பில். விரலில் எழுதினாலும் தோளிலிருந்து எழுதினாலும் ஒருவரின் எழுத்து வடிவம் ஏறக்குறைய அப்படியே வரும், ஆக பெரிதாகப் பழகியது நோட்டுக்கும் வரும் என்று நம்பினேன், வந்தது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு "வண்ணம்", "கிண்ணம்". கடைசியாக டிக்டேஷன், அழிரப்பர் கிடையாது. தினமும் கொஞ்ச நேரம்தான், மணிக்கணக்கில் உட்கார வைத்தால் வெறுத்துவிடுவான்.

சில வாரம் எழுத்து கோணலாகிப் போனது, வீட்டில் எனக்குத் திட்டு. அப்புறம் வேகமும் வந்தது, வடிவமும் திரும்பியது. ஞ மட்டும் இன்னும் இரண்டு துண்டாகத்தான் எழுதுகிறான், எழுதட்டும்.