கார் ரேஸ் கதை எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் புதிதாக எழுத வந்த மூன்று பேர் தங்கள் ரேஸ் கதைகளை என்னிடம் படிக்கக் கொடுத்தார்கள். மூன்றிலும் கடைசிச் சுற்று ஒரே மாதிரி. நாயகன் பின்தங்கியிருக்கிறான், பல்லைக் கடிக்கிறான், ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதிக்கிறான், ஜெயிக்கிறான். என் முதல் ஸ்கிரிப்ட்டிலும் இதேதான் இருந்தது. படிக்கப் படிக்கப் பழைய எரிச்சல் திரும்ப வந்தது.

நீள வசனம், காட்சி எண் குழப்பம் போன்றவற்றை இங்கே தொடவில்லை. அவை இரண்டாம் வாசிப்பில் உங்கள் கண்ணிலேயே படும்.

மிதித்தால் வெற்றி

நேர்ப்பாதையில் எல்லா ஓட்டுநரும் ஏற்கெனவே முழுதாக மிதித்துக்கொண்டுதான் இருப்பார்கள். அதற்கு மேல் மிதிக்க இடமே கிடையாது. ரேஸ் வேறு இடங்களில் முடிவாகிறது: வளைவுக்கு முன் எங்கே பிரேக் போடுவது, டயரை எவ்வளவு மிச்சம் வைப்பது, எந்தச் சுற்றில் டயர் மாற்றும் இடமான பிட்டுக்குள் போவது, முந்தாமல் முன்னால் இருப்பவன் பின்னாலேயே ஒட்டிப்போய்க் காற்றுத் தடையைக் குறைத்துக்கொள்வதா. ஒவ்வொன்றும் ஒரு முடிவு. ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. தாமதமாக பிரேக் போட்டால் ஓர் இடம் முன்னேறலாம், வளைவைத் தவறவிட்டு வெளியேயும் போகலாம். நாயகனை வெறுமனே மிதிக்க வைத்தால் இந்த முடிவுகள் எல்லாம் அவன் கையை விட்டுப் போகின்றன. அவன் யார் என்று காட்ட நமக்கிருந்த வழியும் அதோடு போகிறது.

என் முதல் படத்தில் மூன்று ரேஸ். இரண்டாவதுக்கு மட்டும் நான்கு நாள் படப்பிடிப்பு. எடிட்டர் ஒரு மாலை என்னைக் கூப்பிட்டு, "சார், ரெண்டாவது ரேஸையும் மூணாவதையும் இடம் மாத்திப் பார்த்தேன். கதையில ஒண்ணுமே மாறல" என்றார். போட்டும் காட்டினார். உண்மைதான். இரண்டிலும் நாயகன் அதே ஆளாகத்தான் உள்ளே போனான், அதே ஆளாக வெளியே வந்தான். அந்த நான்கு நாள் உழைப்பு முழுவதும் படத்திலிருந்து வெட்டப்பட்டது. ஒளிப்பதிவிலோ சண்டைக் குழுவின் வேலையிலோ ஒரு குறையும் இல்லை. தவறு என் தாளில் இருந்தது. இன்றும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

ஃபார்முலா ஒன் கார் ரேஸில் 2008 சீசனின் கடைசிப் போட்டியான பிரேசில் கிராண்ட் பிரீயைப் பாருங்கள். ஃபெலிபே மாஸா ரேஸை ஜெயித்துக் கோட்டைக் கடந்துவிட்டார், அவர் அணியினர் கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். சாம்பியன் பட்டத்துக்கு லூயிஸ் ஹாமில்டன் ஐந்தாவதாக வந்தால் போதும், ஆனால் கடைசிச் சுற்றில் அவர் ஆறாவது. சில சுற்றுகளுக்கு முன் மழை தூறியபோது பலரும் மழை டயருக்கு மாறினார்கள். டிமோ கிளாக் மாறவில்லை. கடைசிச் சுற்றில் மழை வலுத்ததும் அவர் டயர் பிடிப்பை இழந்தது. கடைசி வளைவுகளில் ஹாமில்டன் அவரைக் கடந்தார், ஒரே புள்ளி வித்தியாசத்தில் பட்டம் வாங்கினார். கடைசி நொடியில் நடந்ததற்கு விதை சில சுற்றுகளுக்கு முன்பே விழுந்திருந்தது. உங்கள் ரேஸில் அந்த விதை எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

ரேஸ் காட்சி எழுதும் முன் இரண்டு வரி எழுதிவையுங்கள். எதற்காக இறங்குகிறான், எதை இழந்து வெளியே வருகிறான். இரண்டாவது வரி வரவில்லையென்றால் அந்த ரேஸ் படத்துக்கு வேண்டாம்.

இடிக்க மட்டுமே வரும் எதிராளி

1976 ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ரேஸில் தீயில் சிக்கிய ஃபார்முலா ஒன் ஓட்டுநர் நிக்கி லௌடா ஆறு வாரத்தில் இத்தாலியின் மான்சாவில் திரும்ப ஓட்டி நான்காவதாக வந்தார். அதே ஆண்டின் கடைசி ரேஸ், ஜப்பானின் ஃபூஜியில், கொட்டும் மழை. இரண்டு சுற்று ஓட்டிவிட்டு, இது உயிருக்கு ஆபத்து என்று தானே காரை நிறுத்தினார். பட்டத்துக்கு அவரோடு மோதிய ஜேம்ஸ் ஹன்ட் மூன்றாவதாக வந்து ஒரு புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன் ஆனார். இதில் வில்லன் யார்? இருவர் பக்கமும் நியாயம் இருப்பதால்தான் மனசு இரண்டு பக்கமும் இழுபடுகிறது.

கதை சொல்லும் வர்ணனையாளர்

அவர் வசனத்தை முழுதாக அடித்துவிட்டுப் படியுங்கள். புரியவில்லையா, காட்சியைத் திரும்ப எழுதுங்கள்.

ரேஸில் இறந்த அப்பா

வேண்டாம்.

ஹெல்மெட்டை மறப்பது

"அவன் முகத்தில் ஆத்திரம்" என்று எழுதுகிறார்கள். ஹெல்மெட்டுக்குள் நடிகருக்குக் கண் மட்டும்தான் மிச்சம், சில சமயம் அதுவும் தெரியாது. உணர்ச்சியைக் கைக்கும் காருக்கும் ரேடியோவுக்கும் மாற்றுங்கள். ரேடியோவில் பேசும் இன்ஜினியர் ரொம்ப உபயோகமான பாத்திரம், ஆனால் பாதிப் பேர் அவரை பிட்டில் நிற்கும் கூட்டத்தில் ஒருவராக விட்டுவிடுகிறார்கள். அவரிடம் குடும்பக் கதை பேசவும் விடாதீர்கள். வளைவுக்கும் வளைவுக்கும் நடுவில் நாலு வார்த்தைக்குத்தான் நேரம்.

அந்த மூவரில் ஒருவர் போன வாரம் மாற்றி எழுதி அனுப்பினார். கடைசிக்கு மூன்று சுற்று முன்னால் இன்ஜினியர் "டயர் தாங்காது, உள்ள வா" என்கிறார். ரேடியோவில் பதில் இல்லை. கார் பிட் வழியைத் தாண்டிப் போகிறது. அந்தப் பக்கத்தை நான் இரண்டு முறை படித்தேன்.