ஆய்வுகூடத்துக்கு அரசாங்கக் காசு கேட்கும் விதம்

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். முதல் தடவை மானியத்துக்கு எழுதியபோது "விஞ்ஞான அறிவை மேம்படுத்தல்" என்று தொடங்கி இரண்டு பக்கம் நிரப்பினேன். திரும்பி வந்துவிட்டது. ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி: "பிள்ளைகள் என்ன செய்வார்கள்?"

அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இப்போது முதல் பந்தியில் எழுதுகிறேன். தரம் 9 பிள்ளைகள் தேயிலை மலையிலும் லயத்துக்குப் பின்னாலுள்ள மரக்கறிப் பாத்தியிலும் மண் எடுத்து, அதன் புளிப்பைக் காட்டும் பிஎச் அளப்பார்கள். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை நல்லது. கோவாவுக்கு அவ்வளவு புளிப்பு ஆகாது. எந்தப் பாத்திக்குப் புளிப்பைக் குறைக்கும் டொலமைட் தூள் வேண்டும் என்று வீட்டில் போய்ச் சொல்வார்கள். இப்படி எழுதினால் பொருள் பட்டியல் தானாக வந்துவிடும். எங்கள் உயரத்தில் தண்ணீர் 96 பாகையிலேயே கொதிப்பதைக் காட்ட வெப்பமானியும் கேத்தலும் போதும், அதற்கெல்லாம் மானியம் கேட்க வேண்டாம்.

எழுதுவதற்கு முன் அதிபரிடம் பேசி, பாடசாலையின் வருடாந்தத் திட்டத்தில் அந்த வேலையைச் சேர்த்துவிடுங்கள். சின்னப் பொருள்களுக்கு, கற்பித்தல் பொருள் வாங்கப் பாடசாலைக்கு அரசாங்கம் கொடுக்கும் "தர உள்ளீட்டு நிதி"யைப் பாருங்கள். வலயக் கல்விப் பணிமனையிலுள்ள ஆசிரிய ஆலோசகர் வழி சொல்வார். விஞ்ஞானச் சங்கம் நடத்தினால் கொழும்பிலுள்ள தேசிய விஞ்ஞான மன்றத்தின் அறிவிப்புகளையும் கவனியுங்கள். ஒரே பொருளை இரண்டு இடத்தில் கேட்டால் இரண்டும் போய்விடும். தமிழிலேயே எழுதலாம், 1988 இல் வந்த அரசியலமைப்பின் 16ஆம் திருத்தம் அந்த உரிமையைத் தருகிறது. அவசரமென்றால் சிங்களப் பிரதி ஒன்றும் வைப்பேன், அவ்வளவுதான்.

கணக்கில்தான் நான் ஏமாந்தேன். மூன்று கடைகளில் விலை எடுத்தேன், கண்டியிலிருந்து ஏற்றிவரும் கூலியை மறந்தேன். கடைசியில் அது என் சம்பளத்திலிருந்து போனது. நுணுக்குக்காட்டி கேட்டால் காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் சேர்த்தே கேளுங்கள். எங்கள் பழைய நுணுக்குக்காட்டியை ஒரு மழைக்காலம் அலுமாரிக்குள்ளேயே வைத்திருந்தோம். எடுத்துப் பார்த்தால் வில்லைக்குள் சிலந்திவலை மாதிரிப் பூஞ்சணம். துடைத்தும் போகவில்லை.

காசு கிடைத்தால் டிசம்பர் வரை இழுக்காதீர்கள். 31ஆம் திகதி தாண்டினால் மிச்சம் திறைசேரிக்குத்தான். அப்புறம், பெட்டியைப் பிரிக்கும் அன்றே பொருட்பதிவேட்டில் பதிந்து, பில்லின் போட்டோப் பிரதி ஒன்றை உங்கள் கையிலும் வைத்துக்கொள்ளுங்கள். கணக்காய்வுக்காரர் வரும்போது அதிபர் மாற்றலாகிப் போயிருப்பார்.